மழைக்குக் காத்திருக்கும் வண்டு



முதல் மழை பெய்கிறது. மண் வாசம் எழுகிறது. அன்று மாலையோ, மறுநாள் மாலையோ விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. இது எல்லோரும் பார்த்ததுதான். மழை பெய்தது என்று ஈசலிடம் யார் போய்ச் சொன்னார்கள்? நேற்று ஏன் வரவில்லை? அடுத்த வாரம் ஏன் வராது?

இப்படிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். "பூச்சி பறப்பதெல்லாம் ஒரு விஷயமா?" என்பார்கள். ஆனால் மத்தியப் பிரதேசத்துக் காட்டு மக்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு வண்டு எந்த நாளில் பறக்கும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு விஷயம். அது தெரிந்தால் காடு பிழைக்கும். தெரியாமல் இருந்தால் மரம் சாகும். இன்றைய பேச்சு அந்த வண்டைப் பற்றியது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் சால் மரம். ஜார்க்கண்டில் சகுவா என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்தில் அது காடு காடாக வளர்கிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் இந்த மரம் கிடையாது. ஆனால் அதன் பிசின் தமிழ்நாட்டுக்கு வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று வாங்கிப் புகை போடுகிறார்களே, அது சால் மரத்தின் பிசின்தான். புத்தர் இரண்டு சால் மரங்களுக்கு நடுவில்தான் உயிர் நீத்தார் என்று பௌத்தர்கள் சொல்வார்கள்.

சால் கட்டை மிகவும் உறுதியானது. ரயில் தண்டவாளத்தின் அடியில் போடும் சிலீப்பர் கட்டையாக அது பல காலம் இந்தியா முழுவதும் சென்றது. இலையைத் தைத்துச் சாப்பாட்டுத் தட்டு செய்கிறார்கள். விதையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். கோண்டு, பைகா போன்ற பழங்குடி மக்களுக்குச் சால் காடு வெறும் மரக்கூட்டம் அல்ல. விறகு, இலை, விதை, பிசின், கூலி எல்லாம் அதிலிருந்துதான்.

இந்த மரத்துக்கு ஒரு பகை இருக்கிறது. அதுதான் சால் துளைப்பான் வண்டு. நிறம் கரும்பழுப்பு. சிறியது 2 சென்டிமீட்டர் இருக்கும். பெரியது 6 சென்டிமீட்டருக்கும் மேல், அதாவது ஓர் ஆளின் சுண்டுவிரல் நீளம் இருக்கும். தலையில் இரண்டு நீண்ட மீசைகள் உண்டு. ஆண் வண்டுக்கு மீசை உடம்பை விட நீளம். இந்த மீசை அழகுக்கு அல்ல. வண்டுக்கு மூக்கு அதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

மரத்தைக் கொல்வது வண்டு அல்ல. அதன் புழு. பெண் வண்டு சால் மரப் பட்டையின் வெடிப்பிலும் காயத்திலும் முட்டை இடுகிறது. ஒரு வண்டு நூற்றுக்கு மேல் முட்டை இடும். சில நாளில் முட்டை பொரிந்து புழு வருகிறது. புழு பட்டையைத் தின்கிறது. பிறகு வெளிறுக்குள் போகிறது. அதன் பிறகு வைரத்துக்குள்ளும் போகிறது. போகப் போகப் பருக்கிறது. வளர்ந்த புழு 9 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு மரத்துக்குள் நூற்றுக்கணக்கான புழுக்கள் புகுந்தால் என்ன ஆகும்? வேரிலிருந்து தண்ணீர் மேலே போகும் பாதை அறுந்துவிடும். உச்சிக் கிளை காயும். மரத்தின் அடியில் மரத்தூள் குவியும். ரம்பம் வைத்து அறுத்த இடம் போல இருக்கும். அந்தத் தூளைப் பார்த்தே மரத்துக்கு எவ்வளவு கேடு வந்துவிட்டது என்று வனக் காவலர்கள் கணிக்கிறார்கள்.

நல்ல வலுவான மரம் சும்மா இருக்காது. புழு குடைந்த இடத்தில் பிசினைச் சுரக்கும். சின்னப் புழு அந்தப் பிசினில் மூழ்கிச் செத்துப் போகும். கிழட்டு மரமும், வறட்சியில் வாடிய மரமும், காயம்பட்ட மரமும் அப்படிப் போராட முடியாது. புழுக்கள் மிக அதிகமாகிவிட்டால் வலுவான மரமும் தோற்றுவிடும். கொள்ளை நோய் வந்தால் பயில்வானும் படுத்துவிடுவது போலத்தான் இது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. குளிர்காலம் வருவதற்குள் புழு நன்றாக வளர்ந்துவிடும். வைரத்துக்குள் ஓர் அறை செய்துகொள்ளும். சுண்ணாம்பு போன்ற வெள்ளை மூடியால் அந்த அறையை அடைத்துவிடும். உள்ளே கூட்டுப்புழுவாக மாறும். கோடைக்குள் கூட்டுப்புழு வண்டாகிவிடும். இறக்கை வந்துவிட்டது. கால் வந்துவிட்டது. வெளியே போகும் பாதையும் இருக்கிறது. ஆனாலும் வண்டு வெளியே வராது. மரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ஏன்? வெளியே மே மாதம். மண்ட்லா பக்கம் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காற்று வறண்டு கிடக்கும். பறக்கும்போது பூச்சியின் உடம்பிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போய்விடும். சின்ன உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? மேலும் அந்த வறட்சியில் பட்டையில் முட்டை இட்டால் முட்டை காய்ந்துவிடும். மரமும் தாகத்தில் இருக்கும். சாறு ஊறாது. ஆகவே மே மாதத்தில் பறக்கும் வண்டுக்குக் குடிக்கச் சாறு இல்லை. அதன் குஞ்சுக்கு ஈரமும் இல்லை. அவசரப்பட்ட வண்டு வம்சம் இல்லாமல் போகும். பொறுமையாக இருந்த வண்டுதான் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கிறது.

ஜூன் மாதம் நடுவில் பருவமழை அங்கே எட்டுகிறது. நல்ல மழை சில நாள் பெய்தால் போதும். மரம் நனைகிறது. சூடு தணிகிறது. காற்றில் ஈரம் ஏறுகிறது. மரத்துக்குள் இருக்கும் வண்டுக்கு இது தெரிந்துவிடுகிறது. மூடியை உடைத்துக்கொண்டு ஓட்டை வழியாக வெளியே வருகிறது. மழை முன்னால் வந்தால் வண்டும் முன்னால் வரும். மழை தள்ளிப் போனால் வண்டும் தள்ளித்தான் வரும். காலண்டரில் தேதி குறித்து அது வருவதில்லை. வானம்தான் அதற்குக் காலண்டர். முதல் சில வாரங்களில் கூட்டமாக வரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்.

வெளியே வந்த வண்டு உடனே பறந்துவிடாது. வண்டுக்கு இரண்டு ஜோடி இறக்கை. மேல் ஜோடி ஓடு போலக் கெட்டியாக இருக்கும். அது மூடி மட்டுமே. கீழே மடித்து வைத்திருக்கும் மெல்லிய ஜோடிதான் பறக்கும் இறக்கை. கனமான உடம்பைத் தூக்க அந்த இறக்கையை வேகமாக அடிக்க வேண்டும். அதற்குத் தசை சூடாக இருக்க வேண்டும். குளிர்காலத்துக் காலையில் மோட்டார் சைக்கிள் எளிதில் கிளம்பாது அல்லவா? வண்டும் அப்படித்தான். மிகக் குளிராக இருந்தால் ஊர்ந்து போகும். பறக்காது. கொட்டும் மழையிலும் பறக்காது. பெருங்காற்றிலும் பறக்காது. பட்டைக்கு அடியில் ஒதுங்கி இருக்கும். மழை விட்டு, காற்று அடங்கி, கதகதப்பாக இருக்கும் நேரம்தான் அதற்கு ஏற்ற நேரம்.

எந்தப் பக்கம் பறப்பது? இங்கேதான் மீசை வேலை செய்கிறது. சால் மரத்தை வெட்டினால் சாறு கசியும். அந்தச் சாற்றின் மணம் வண்டுக்கு மிகவும் பிடிக்கும். மெல்லிய காற்று அந்த மணத்தை ஒரு நூல் போல இழுத்துக்கொண்டு போகும். வண்டு மீசையால் அந்த நூலைப் பிடிக்கிறது. காற்றுக்கு எதிராகத் திரும்பிப் பறக்கிறது. மணம் விட்டுப் போனால் இடமும் வலமும் அலைகிறது. மறுபடியும் பிடிக்கிறது. இப்படியே பல நூறு மீட்டர் தூரத்திலிருந்துகூட வந்து சேர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் அந்த நூல் அறுந்துவிடும். காற்றே இல்லாவிட்டால் மணம் தூரம் போகாது.

மரம் புயலில் விழுந்தாலும் சாறு கசியும். ஆள் வெட்டினாலும் கசியும். வண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மழைக்காலத்தில் சால் காட்டுக்குள் கோடாரி போட்டால் அது வண்டுக்கு அழைப்பு விடுவது போல. அதனால்தான் மழைக்காலத்தில் சால் மரத்தை வெட்டக் கூடாது, கோடையில் வெட்டிய கட்டையை மழைக்கு முன்பே காட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது. விறகுக்காக ஒரு கிளையை வெட்டினாலும் பக்கத்தில் நிற்கும் நல்ல மரத்துக்கு ஆபத்து வரலாம்.

வண்டின் இந்த ஆசையையே அதற்கு எதிராகத் திருப்பினார்கள். டேராடூனில் 1906ல் வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பூச்சி ஆராய்ச்சி செய்தவர்களில் பீசன் என்பவர் முக்கியமானவர். இந்தியக் காட்டுப் பூச்சிகளைப் பற்றி 1941ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். சால் வண்டின் வாழ்க்கையை இப்படிப்பட்டவர்கள் கவனித்து எழுதி வைத்தார்கள். அதிலிருந்து பிறந்த முறைதான் பொறிமரம்.

பொறிமரம் என்றால் இரும்புப் பொறி எதுவும் கிடையாது. மருந்தும் கிடையாது. மழை தொடங்கியதும் சில சால் மரங்களை வெட்டுகிறார்கள். ஏற்கெனவே புழு விழுந்த மரத்தையோ, அதிகம் விலை போகாத மரத்தையோ இதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். வெட்டிய மரத்தைத் துண்டு துண்டாக்குகிறார்கள். துண்டுகளின் முனையில் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டுகிறார்கள். பட்டை நைந்து விலகும். சாறு ஊறும். மணம் காடெங்கும் பரவும். வண்டுகள் நாலாபக்கமும் இருந்து வரும். சாற்றைக் குடிக்கும். குடித்துவிட்டு, கள் குடித்த ஆள் போல மந்தமாகிவிடும். விலகிய பட்டைக்கு அடியில் போய்க் கிடக்கும். பறக்கத் தெரியும், ஆனால் பறக்க மனம் இருக்காது. ஆட்கள் வந்து கையாலேயே பொறுக்கிக்கொள்கிறார்கள்.

நாலைந்து நாளில் சாறு காய்ந்துவிடும். மறுபடியும் முனையை வெட்டித் தட்ட வேண்டும். புதுச் சாறு வந்தால்தான் புது வண்டு வரும். பெண் வண்டு முட்டை இடுவதற்கு முன் பிடிபட வேண்டும். அதனால் மழை தொடங்கிய முதல் வாரங்களே முக்கியம். அந்த வாரங்களைக் கோட்டைவிட்டால், பிறகு பிடிக்கும் வண்டுகள் முட்டை இட்டு முடித்தவையாக இருக்கும். பிடித்தும் பயன் பாதிதான். வண்டு வருவது மழையைப் பொறுத்தது. ஆனால் ஆணை வருவதும், பணம் ஒதுக்குவதும், ஆள் சேர்ப்பதும் அலுவலகத்தைப் பொறுத்தது. மழை கோப்புக்குக் காத்திருப்பதில்லை.

இந்த வண்டு எவ்வளவு கேடு செய்யும்? 1923 முதல் 1928 வரை மண்ட்லா பக்கத்தில் இது பெருகியது. அப்போது சுமார் 70 லட்சம் சால் மரங்கள் செத்தன. அதன் பிறகும் பல இடங்களில் சின்னதும் பெரியதுமாக வந்து போனது. 1996 முதல் 2001 வரை மத்தியப் பிரதேசத்தில் மறுபடியும் பெரிய அளவில் வந்தது. மண்ட்லா, திண்டோரி, பாலாகாட், ஷஹ்டோல் பகுதிகளிலும், 2000ல் சத்தீஸ்கர் தனி மாநிலமானபோது அதில் சேர்ந்த சில பகுதிகளிலும் காடு காய்ந்தது. சுமார் 30 லட்சம் மரங்கள் பாதிக்கப்பட்டன. பச்சையாக இருந்த மலைச்சரிவு, மழைக்காலத்திலும் காய்ந்த குச்சிகளாக நின்றது.

அப்போது ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. புழு விழுந்த மரங்களை வெட்டி அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் அவற்றிலிருந்து வண்டு கிளம்பும் என்றது வனத்துறை. இதைச் சாக்காக வைத்து நல்ல மரத்தையும் வெட்டிவிடுவார்கள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. உள்ளே வண்டு இருக்கும் மரத்தை மழைக்கு முன்பே அகற்றியாக வேண்டும். ஆனால் பிசின் சுரந்து போராடிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து வெட்டுவது, காய்ச்சல்காரனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது போல. மரத்தூள் எவ்வளவு குவிந்திருக்கிறது, உச்சி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று மரம் மரமாகப் பார்த்து முடிவு செய்வதுதான் சரியான வழி. அதற்குப் பொறுமை வேண்டும். நேர்மையும் வேண்டும்.

எப்போதும் சில வண்டுகள் காட்டில் இருக்கத்தான் செய்கின்றன. திடீரென்று ஏன் பெருகுகின்றன? ஒரு காரணம் மட்டும் சொல்ல முடியாது. நல்ல ஈரமான மழைக்காலம் அடுத்தடுத்து வந்தால் முட்டைகள் அதிகம் பிழைக்கும். காட்டில் கிழட்டு மரங்கள் நெருக்கமாக நின்றால் தூரம் பறக்காமலேயே வண்டுக்கு இடம் கிடைக்கும். வறட்சியில் மரம் வாடியிருந்தால் பிசின் குறையும். விழுந்த மரங்களும் வெட்டிய கட்டைகளும் காட்டிலேயே கிடந்தால் அவை வண்டுப் பண்ணை ஆகும். இவற்றில் இரண்டு மூன்று ஒன்று சேர்ந்தால் போதும். ஜபல்பூரில் 1988ல் வெப்பமண்டல வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கும் இந்த வண்டை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மழையைப் பார்த்துப் பறப்பது சால் வண்டு மட்டுமல்ல. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வேறொரு வண்டு உண்டு. அதன் புழு வெள்ளையாக, வளைந்து இருக்கும். மண்ணுக்குள் இருந்து வேர்க்கடலை, கம்பு முதலிய பயிர்களின் வேரைத் தின்னும். முதல் நல்ல மழை பெய்த நாளில், பொழுது சாயும் நேரத்தில் வண்டுகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. வேப்ப மரம், இலந்தை, வன்னி மரம் ஆகியவற்றில் போய் உட்காருகின்றன. இரவெல்லாம் இலை தின்கின்றன. விடியும் முன் மண்ணுக்குள் திரும்பிவிடுகின்றன. அங்கே மழையோடு வெளிச்சமும் கணக்கில் வருகிறது. மழை பெய்தால் மட்டும் போதாது. இருட்டவும் வேண்டும்.

அந்த விவசாயிகளும் இரவில் கிளம்புகிறார்கள். கொக்கிக் கம்பால் கிளையை உலுக்குகிறார்கள். விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுகிறார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்தால் பலன் இல்லை. பக்கத்து வீட்டு வேம்பில் உட்கார்ந்த வண்டு இவர் நிலத்திலும் முட்டை இடும். ஊர் முழுவதும் ஒரே இரவுகளில் இறங்க வேண்டும்.

குளிர் நாடுகளில் கணக்கு வேறு. ஐரோப்பாவில் ஸ்புரூஸ் என்ற ஊசி இலை மரத்தைத் தாக்கும் ஒரு பட்டை வண்டு உண்டு. அரிசி மணி அளவுதான் இருக்கும். அது மழைக்குக் காத்திருப்பதில்லை. வெயிலுக்குக் காத்திருக்கிறது. சுமார் 16 டிகிரிக்குக் கீழே அது பறப்பதே இல்லை. அதனால் வெப்பம் கூடினால் அந்த வண்டுக்குக் கொண்டாட்டம். முன்னதாகவே பறக்கும். அந்த ஆண்டிலேயே இன்னொரு தலைமுறையும் வந்துவிடும். 2018ல் அங்கே கடும் வெயிலும் வறட்சியும் வந்தன. அதைத் தொடர்ந்து ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் பெரும் பரப்பில் காடு அழிந்தது.

இன்னும் ஒரு வினோதம் உண்டு. காட்டுத் தீ பிடித்தால் எல்லா உயிர்களும் ஓடும். ஒரு வகைக் கருவண்டு மட்டும் தீயை நோக்கிப் பறக்கும். அதன் உடம்பில் அனலை உணரும் குழிகள் இருக்கின்றன. எரிந்த மரத்தில் பிசின் சுரக்காது. முட்டை இட அதுவே நல்ல இடம். வட அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களின் சட்டைக்குள்கூட இது புகுந்து கடித்துவிடும்.

மறுபடியும் சால் காட்டுக்கு வருவோம். 1990களின் கடைசியில் மண்ட்லா பக்கத்தில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வண்டு பொறுக்கினார்கள். வண்டுக்கு இவ்வளவு பைசா என்று கூலி தந்தார்கள். லட்சம் லட்சமாக வண்டுகள் பிடிபட்டன. கணக்குத் தவறக் கூடாது என்பதற்காக வண்டின் தலையைக் கிள்ளி, தலைகளை எண்ணினார்கள். தலை கிள்ளிய வண்டை இரண்டாம் முறை காட்டிக் கூலி வாங்க முடியாது அல்லவா? எண்ணத் தெரிந்தவர் தன் கூலியைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணத் தெரியாதவர், நோட்டில் எழுதுகிறவர் சொன்ன எண்ணை நம்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நோட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. மழை தொடங்கிய நாள், பொறிமரம் வெட்டிய நாள், அன்றன்று கிடைத்த வண்டுகள் என்று ஒழுங்காக எழுதினால், வண்டு வரத்து ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பொறிமரத்தில் வண்டு குவிகிறதோ, அந்தப் பக்கம்தான் அடுத்த கோடையில் முதலில் தேட வேண்டும். புழு விழுந்த மரங்கள் அங்கேதான் அதிகம் இருக்கும். நாள் முழுவதும் தட்டியும் ஒன்றிரண்டு வண்டுதான் வருகிறது என்ற நிலை வந்தால், அந்த ஆண்டு வேலை முடிந்தது என்று பொருள். பொறிக்கட்டைகளை அப்படியே காட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவற்றிலும் முட்டை இருக்கும். பட்டையை உரித்து எரிக்கிறார்கள், அல்லது கட்டையைக் காட்டை விட்டு வெளியே ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த மே மாதம் மறுபடியும் மரம் மரமாகப் போய், அடியில் தூள் குவிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்குவார்கள்.